மேலுமலை ஏற்றமும் என் காரின் தண்ணீர்க் கணக்கும்

இந்த முறை கார் ரிப்பேர் பற்றி எழுதப் போகிறேன். ஆயுள் முழுக்கக் கோப்பும் குறிப்பும் எழுதிக் காலம் தள்ளிய குமாஸ்தாவுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். சென்ற வருடங்களில் ஒரு மூன்று வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் எங்கள் வியாழக்கிழமைகளைப் பற்றி. என் மனைவியின் அக்கா கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கிறார். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். ஒவ்வொரு வியாழனும் நாங்கள் இருவரும் ஓசூரிலிருந்து போய் மத்தியானம் வரை இருந்துவிட்டு வருவோம். ஐம்பது கிலோமீட்டர். என் மனைவிக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. ஆகவே கார்தான். நான் 2010-இல் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் புதுச்சேரியில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். கம்பெனி பெயர் வேண்டாம், பிழை அவர்களுடையது அல்ல என்று போகப் போகத் தெரியும். 2017-இல் மகள் வீட்டோடு ஓசூருக்கு வந்தபோது, படிவம் 28 போட்டு, தடையில்லாச் சான்று வாங்கி, பிஒய் 01-ஐ டிஎன் 70 ஆக முறைப்படி மாற்றினேன். (மாற்றாமலே பல வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.)

2023 நவம்பர் 23. திருக்கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் இருந்தது. அக்கா வீட்டிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பினோம். கிருஷ்ணகிரி ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரம், ஓசூர் தொள்ளாயிரத்தை ஒட்டி. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். அந்த ஏற்றத்தின் பெரும்பங்கு குருபரப்பள்ளி தாண்டி மேலுமலையில் வருகிறது. லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் இடம் அது.

பாதி மலையில் வெப்பமானி ஊசி முக்கால் பாகத்தைத் தாண்டியதைப் பார்த்தேன். ஏசியை அணைத்தேன். ஊசி இன்னும் ஏறியது. ஓரம் கட்டலாமா என்று நினைக்கும்போதே மடமடவென்று கீழே இறங்கிவிட்டது. "பார்த்தாயா, ஏசியை நிறுத்தியதும் சரியாகிவிட்டது" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த அரை கிலோமீட்டரில் பானட் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

ஊசி ஏன் இறங்கியது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வெப்பத்தை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் அது வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கிறது, வாய்க்கு வந்ததைச் சொல்கிறது. கொதித்த எஞ்சினில் ஊசி திடீரென்று இறங்கினால் அது நல்ல செய்தி அல்ல.

ஓரம் கட்டினேன். பானட்டைத் தூக்கினேன். ரேடியேட்டரின் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தால், அதில் பாதிக்கு மேல் தண்ணீர்! தண்ணீர் இருக்கும்போது எப்படிக் கொதிக்கிறது? துண்டை மடித்து ரேடியேட்டர் மூடிமேல் வைத்துத் திருகப் போனேன்.

"ஐயா! கை எடுங்க! கை எடுங்க!"

பின்னால் நிறுத்தியிருந்த நாமக்கல் பதிவெண் லாரியிலிருந்து டிரைவர் ஓடிவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என் கையைப் பிடித்து இழுத்தேவிட்டார். "முகமெல்லாம் வெந்துரும்யா. எங்க செட்ல ஒருத்தருக்குக் கண்ணே போயிருக்கும்" என்றார். அந்த மூடி வெறும் மூடி அல்ல. அதற்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கிறது. பல சின்னக் கார்களில் 0.9 பார் அழுத்தம் வரும் வரை அது விடாது. நம் வீட்டுக் குக்கரின் வெயிட் மாதிரிதான். அழுத்தத்தில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது, இன்னும் ஏறத்தாழ இருபது டிகிரி தாங்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய், உள்ளே இருக்கிற அவ்வளவு தண்ணீரும் ஒரே சமயத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். குக்கரை அப்படித் திறக்க மாட்டோம், காரை மட்டும் திறக்கப் போகிறோம்.

முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். போகும்போது ஒரு பெரிய கேன் தண்ணீரும் கொடுத்தார். எஞ்சின் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று, காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் இரும்பு விரிசல் விடும் என்பதும் அவர் சொன்னதுதான். பேர் கேட்கத் தோன்றவில்லை. ஊற்றினேன். கேனில் பாதிக்கு மேல், இரண்டரை லிட்டர் இருக்கும், குடித்தது. மொத்தக் கொள்ளளவே நாலு லிட்டர்தான் என்று கையேடு சொல்கிறது. சூளகிரியில் ஒரு தடவை நிறுத்தி மறுபடி ஊற்றி, ஹீட்டரை முழுக்கத் திறந்துவைத்து (எஞ்சின் சூட்டில் கொஞ்சம் வண்டிக்குள் வந்துவிடும், அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான்) வேர்த்து விறுவிறுத்து இரவு ஏழு மணிக்கு வீடு சேர்ந்தோம். மனைவி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாவிட்டால்தான் எனக்குப் பயம்.

மறுநாள் மாப்பிள்ளை ஏற்பாட்டில் வண்டி ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. கண்ணாடி அறை, காபி மெஷின் எல்லாம் உண்டு. சட்டை மடிப்புக் கலையாத ஒரு பிள்ளை கையில் டேப்லெட்டோடு கேள்வி கேட்டார். "ரெகுலரா என்ன ஊத்துறீங்க சார்? கூலண்டா, தண்ணியா?"

"கூலண்ட்தான்" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் போன் வந்தது. வெளியில் எங்கேயும் கசிவு இல்லை, தரை ஈரமில்லை, பச்சைக் கறையோ இனிப்பு வாசனையோ இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது. ஆகவே உள்ளே எரிகிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. எஞ்சின் தலையைக் கழற்றி, மட்டம் பார்த்துக் கடைந்து, திரும்பப் பூட்ட முப்பத்தெட்டாயிரம் ரூபாய், அதற்கு மேலும் ஆகலாம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாப்பிள்ளை மெதுவாக ஆரம்பித்தார். நல்ல பிள்ளை, சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறார். "மாமா, பதிமூணு வருஷ வண்டி. இன்னும் ரெண்டு வருஷத்துல பதிவும் முடியுது. அதுல முப்பத்தெட்டாயிரம் போடணுமா? வித்துருவோம். வியாழக்கிழமைக்கு நான் டிரைவரோட வண்டி ஏற்பாடு பண்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "நேத்து அந்த லாரிக்காரர் இல்லைன்னா..." என்றார். முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு காரைப் பற்றி மட்டும் இல்லை என்று மேஜையைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் தெரியும். எழுபது தாண்டிய மனிதனிடமிருந்து சாவியை வாங்குவது எப்படி என்று பிள்ளைகள் எல்லா வீட்டிலும் யோசிக்கிறார்கள். இந்த வீட்டில் ஒரு ஹெட் கேஸ்கட் கிடைத்தது.

இரண்டு வாரம் டைம் கேட்டேன். வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன்.

எனக்கு எங்கள் தெருவில் இருந்த சொல்தா தாத்தா நினைவுக்கு வந்தார். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை அங்கே சொல்தா என்போம். இந்தத் தாத்தா இந்தோசீனாவில் ராணுவ லாரி ஓட்டியவர். நான் பிரெஞ்சு மீடியம் பையன் என்பதால் என்னோடு பிரெஞ்சில் பேசிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ஆசை. 1962-இல் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகும் எங்கள் பள்ளியில் கணக்கு முதல் பூகோளம் வரை பிரெஞ்சில்தான். கசிவுக்கு அந்த மொழியில் 'ஃபுய்த்' என்பார்கள். தப்பி ஓடுவதற்கும் அதே சொல். தாத்தா லாரியின் தண்ணீர் ஒழுகுவதைச் சொல்லும்போது நான் கைதி ஓடிய கதை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சித்ரோவன் கம்பெனியின் 'தொ ஷ்வோ' காரின் படத்தைக் காட்டி, இதற்கு ரேடியேட்டரே கிடையாது, காற்றிலேயே குளிரும், ஓடிப்போகத் தண்ணீரே இல்லை என்று சிரிப்பார். தண்ணீர் எங்கே போகிறது என்று குனிந்து தேடுவதற்கு முன்னால், எப்போது போகிறது என்று கணக்கு வை என்பது அவர் வழக்கம்.

கணக்கு வைக்க எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஒரு நோட்டு எடுத்துக் கோடு போட்டேன். தேதி, கிலோமீட்டர், டப்பாவில் மட்டம், குறிப்பு. ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய தினமணித் தாள்களைப் பரப்பினேன். காலையில் ஒரு சொட்டுகூட இல்லை. எஞ்சின் ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். கேஸ்கட் போயிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காப்பி நிறத்தில் இருக்கக்கூடும் என்று படித்திருந்தேன். ஆயில் ஆயிலாகவே இருந்தது. சைலென்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? இல்லை. (ஓசூர் கார்த்திகைக் குளிரில் காலையில் எல்லா வண்டியும் கொஞ்சம் வெள்ளையாக விடும், அதை எண்ணக்கூடாது.) ஹீட்டர் ஒழுகினால் கால் மிதியடி நனையும், அதுவும் காய்ந்து கிடந்தது. ஒரு வாரம் ஊருக்குள்ளேயே பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு என்று ஓட்டினேன். டப்பாவில் மட்டம் அப்படியே இருந்தது. ஏழு நாளும் 'மாற்றமில்லை' என்று எழுதினேன்.

அதற்குள் ஒரு வியாழன் போய்விட்டது. அக்கா போனில், "என்ன, ரெண்டு பேரும் என்னை மறந்துட்டீங்களா?" என்று கேட்டாராம். மனைவி அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

எட்டாவது நாள் நோட்டோடு ஒரு மேஸ்திரியிடம் போனேன். சிப்காட் பக்கம் ஒரு சந்தில் தகரக் கொட்டகை. ஐம்பது வயதுக்காரர். ஐடிஐ முடித்து ஒரு லாரிக் கம்பெனியில் அப்ரென்டிஸாக இருந்து, பிறகு சொந்தமாக வைத்தவர். ஓசூரில் இது ஒரு சௌகரியம். எழுபதுகளில் சிப்காட் வந்தது, பின்னாலேயே டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று வந்தன. அவற்றில் கைப்பழகியவர்கள் இன்று ஊரெல்லாம் சின்னச் சின்னக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். இவர் என்னிடம் தமிழில், கையாள் பையனிடம் தெலுங்கில், போனில் கன்னடத்தில் பேசினார். மூன்றிலும் ஒரே வேகம்.

என் நோட்டை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். இதுவரை யாரும் படிக்கவில்லை. படித்துவிட்டு, "எழுத்து நல்லாருக்கு சார். ஆனா தப்பான இடத்துல பாத்திருக்கீங்க" என்றார்.

வண்டி ராத்திரியெல்லாம் நின்று குளிர்ந்திருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. அறுநூறு மில்லி போனது. பக்கத்தில் டப்பா நிறைந்து நின்றது.

விஷயம் இதுதான். அந்த மூடியில் இரண்டு வால்வு. சூட்டில் தண்ணீர் விரிந்து அழுத்தம் மிஞ்சினால் ஒன்று திறந்து உபரியை டப்பாவுக்கு அனுப்பும். எஞ்சின் குளிரும்போது உள்ளே தண்ணீர் சுருங்கி ஓர் உறிஞ்சல் உண்டாகும். அப்போது மற்றது திறந்து டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்கும். எல்லாம் இறுக்கமாக இருந்தால் இப்படி. எங்கேயாவது ஒரு ஓட்டை இருந்தால், சூட்டில் அந்த வழியாகத் தண்ணீர் வெளியே போகும். குளிரும்போது அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வந்துவிடும். டப்பாவிலிருந்து இழுக்க வேண்டிய அவசியமே இராது. டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் உத்தியோகத்தில் முதல் வருடம் ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தது, ரொக்கப் பேரேட்டை மட்டும் பார்க்காதே, பெட்டியைத் திறந்து எண்ணு என்பது. பல வருடம் நான் மற்றவர்கள் பெட்டியைத் திறக்க வைத்திருக்கிறேன். சொந்தக் காரில் டப்பாவைப் பார்த்தே திருப்திப்பட்டிருக்கிறேன்.

மேஸ்திரி உடனே எதையும் கழற்றவில்லை. நான்கு நாள் டைம் கொடுத்து, தினமும் காலையில் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் கழுத்தில் அளந்து எழுதச் சொன்னார். மூடியை ஒருநாளும் சூட்டில் தொடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். (மேலுமலைக் கதையை நான் சொல்லியிருந்தேன்.) இரண்டு நாள் வண்டியை நகர்த்தவே இல்லை: குறைவில்லை. ஊருக்குள் எட்டு கிலோமீட்டர்: கால் குவளைக்கும் கம்மி. சூளகிரி வரை போய்த் திரும்பியது, ஐம்பது கிலோமீட்டர்: இருநூற்றைம்பது மில்லி. தெளிவாகிவிட்டது. நின்றால் போவதில்லை, சூடும் அழுத்தமும் ஏறினால் போகிறது. போகிற தண்ணீர் எதோ கொதிக்கிற பாகத்தின்மேல் பட்டு, தரைக்கு வருமுன்னே ஆவியாகிவிடுகிறது. அதனால்தான் தினமணி நனையவில்லை.

ஐந்தாம் நாள் கை பம்பு மாதிரி ஒரு கருவியை ரேடியேட்டர் கழுத்தில் பூட்டினார். மேலே பிரஷர் மீட்டர். எஞ்சின் குளிர்ந்தே இருக்கும், சூட்டில்லாமல் அழுத்தம் மட்டும் கொடுத்துப் பார்ப்பது. பதின்மூன்று பவுண்டுக்கு ஏற்றிவிட்டு, "வாங்க சார், டீ குடிப்போம்" என்றார். டீ குடித்து வந்து பார்த்தால் எட்டு. ஆனால் கீழே எதுவும் சொட்டவில்லை. ஹோஸ்களைத் தடவிப் பார்த்தார், கிளிப்புகளைப் பார்த்தார். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன துளை இருக்கிறது, பம்பின் சீல் போனால் அங்கேதான் சொட்டும். அதையும் விரலால் துடைத்து முகர்ந்தார். உலர்ந்திருந்தது. மறுபடி ஏற்றினார். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற நீண்ட காம்புக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து எஞ்சினின் பின்பக்கம் நுழைத்தார்.

புகைபோக்கிக் குழாய் கிளம்பும் இடத்தை ஒட்டி, தண்ணீரை எஞ்சினுக்கு எடுத்துப் போகும் ஒரு இரும்புக் குழாய் ஓடுகிறது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. "இங்க பாருங்க" என்று என் தலையைச் சாய்த்துக் காட்டினார். கண்ணாடியில், அந்தக் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து மயிரிழை போல ஒரு நீர்க்கம்பி பீய்ச்சிக்கொண்டிருந்தது. அது விழுந்த இடத்தில் வெள்ளையும் செம்மண் நிறமுமாக ஒரு பொருக்கு.

முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஹெட் கேஸ்கட் ஊசி முனை அளவு இருந்தது.

குழாயைக் கழற்ற ஒன்றரை மணி நேரம். கையில் எடுத்ததும் திருப்புளியால் லேசாகக் குத்தினார். அப்பளம் மாதிரி உள்ளே போயிற்று. இன்னொரு இடத்தில் குத்தினார், அங்கேயும். உள்ளே எட்டிப் பார்த்தால் துருவும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காக.

"சார், என்ன தண்ணி ஊத்துனீங்க?"

கையாள் பையனும் நிமிர்ந்து பார்த்தான். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னேன். மூன்று வருடமாகக் குழாய்த் தண்ணீர். எங்கள் வீட்டு போர்த் தண்ணீர்.

கணக்குச் சொல்கிறேன். கூலண்ட் ஒரு லிட்டர் முந்நூறு ரூபாய் சொன்னார்கள். பென்ஷன்காரன் மனசு, ரேடியேட்டரில் கொஞ்சம் குறைந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போகிறது என்றது. அப்போதே குறைய ஆரம்பித்திருக்கிறது, ஏன் குறைகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிறகு டப்பாவிலும் அதே தண்ணீர். கூலண்ட் என்பது நிறம் கலந்த தண்ணீர்தானே என்பது என் எண்ணம். அதில் கிளைக்கால் இருக்கிறது, கொதிநிலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தும். அதைவிட முக்கியமாக, துரு பிடிக்காமல் காக்கும் மருந்துகள் கலந்திருக்கின்றன. அதனால்தான் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றச் சொல்கிறார்கள், அதனால்தான் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். என் தண்ணீரில் மருந்தும் இல்லை, உப்புக்குக் குறைவும் இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நிலத்தடி நீரின் சீர் ஊரறிந்தது. ஃப்ளூரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டுப்போகிறது என்றுதான் ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து 2013-இல் திறந்தார்கள். நான் அந்த போர்த் தண்ணீரைக் குடிக்க மாட்டேன். கீசர் கம்பியில் வெள்ளையாகப் படிவதை வருடா வருடம் சுரண்டுகிறேன். காருக்கு மட்டும் அது ஆகும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மேஸ்திரி திட்டவில்லை. "கூலண்ட் இருந்திருந்தா கறை பச்சையா காட்டிக் கொடுத்திருக்கும் சார், வாசனையும் வந்திருக்கும். பச்சைத் தண்ணி சத்தமில்லாம போயிரும்" என்றார். அப்போதுதான் கண்ணாடி அறைப் பிள்ளை எனக்கு ஞாபகம் வந்தார். கூலண்ட் ஊற்றும் வண்டியில் பச்சைக் கறை இல்லை என்றால் வெளியே கசிவு இல்லை என்று அவர் முடிவு செய்ததில் என்ன தவறு? இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம், பிரஷர் போட்டிருக்கலாம், அது வேறு. ஆனால் பொய்க் குறிப்பைக் கோப்பில் வைத்தவன் நான். ஆண்டுக்கணக்கில் பிறர் குறிப்புகளில் பிழை கண்டு சிவப்பு மையால் கோடு போட்டவன்.

குழாய் ஓசூரில் கிடைக்கவில்லை. மேஸ்திரி பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடை ஒன்றுக்குக் கன்னடத்தில் பேசினார். மத்தியானமே பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டார்கள், சாயங்காலம் பையன் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி வந்தான். மாநிலம் வேறு, ஆனால் அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர்தான். புதுக் குழாய், அதன் ரப்பர் வளையங்கள், புது ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட். உள்ளே தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசியதில் டீத்தூள் நிறத்தில் மூன்று வாளி போனது. பிறகு கையேடு சொன்ன கூலண்டைக் காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி. குளிர்ந்த எஞ்சினில் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரைத் திறந்து, தெர்மோஸ்டாட் திறந்து உள்ளே சிக்கிய காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறும் வரை விட்டார். இந்தக் காற்றை வெளியேற்றாவிட்டால் புது ரிப்பேரும் கொதிக்குமாம். கடைசியில் மறுபடி பிரஷர். டீ குடித்து வந்தோம். பதின்மூன்று அப்படியே பதின்மூன்று. எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து நானூறு ரூபாய்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு யோசனை. ஐயாயிரத்து நானூறு என்று மட்டும் சொன்னால் நான் ஜெயித்தவன். குழாய் பழசாகிவிட்டது, மாற்றிவிட்டேன் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். பழைய குழாய் ஒரு காகிதத்தில் சுற்றி பின் சீட்டில் கிடந்தது.

சாப்பாட்டுக்கு முன் அதை எடுத்து வந்து மாப்பிள்ளை முன்னால் மேஜையில் வைத்தேன். "மாப்பிள்ளை, நான் கூலண்ட்னு சொன்னது பொய். மூணு வருஷமா போர்த் தண்ணிதான்" என்றேன். மகள், "அப்பா!" என்றாள். மாப்பிள்ளை தரக்கட்டுப்பாட்டுக்காரர் அல்லவா, குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நோட்டு எங்க மாமா?" என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டாவது நான்கு நாள் கணக்கைப் படித்துவிட்டு, "எங்க கம்பெனியில புதுப் பசங்க இப்படி ஒரு ரிப்போர்ட் எழுத மாட்டேங்கிறாங்க" என்றார். வண்டியை விற்கும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நானே இரண்டு விஷயம் சொன்னேன்: இருட்டினால் மேலுமலை ஏற மாட்டேன், 2025-இல் பதிவு முடியும்போது கண் டாக்டர் சரி என்றால்தான் புதுப்பிப்பேன். அவர் தலையை ஆட்டினார். மனைவி மட்டும், "முந்நூறு ரூபாய்க்கு என்னை மலையில நிக்க வச்சீங்களா?" என்று கேட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

டிசம்பர் 14 வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பனியில் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். கழுத்து வரை பச்சை. கிளம்பினோம். அக்காவுக்கு எங்களைப் பார்த்ததும் முதலில் கோபம், பிறகு அழுகை. அதை இங்கே எழுத வேண்டாம். இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டோம். மேலுமலையில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஏறும்போது மனைவி என் பக்கம் சாய்ந்து ஊசியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது பாதியில் நின்றது. சூளகிரி வந்ததும்தான் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிறு மாப்பிள்ளை தன் புதுக் காரின் பானட்டைத் திறந்து, "மாமா, இதையும் கொஞ்சம் பாருங்க" என்றார். நோட்டோடு போனேன். ரேடியேட்டரில் மூடியே இல்லை! தேடித் தேடிப் பார்த்து, கடைசியில் கையேட்டைப் படித்தோம். இப்போது வரும் பல வண்டிகளில் அந்த டப்பாவிலேயே அழுத்தம் தாங்கும் மூடி வந்துவிட்டது. டப்பாவும் அதே சுற்றில் ஒரு பாகம், அதில் தெரியும் மட்டம்தான் உண்மையான மட்டம். ஆனால் சூட்டில் திறக்கக்கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லை. உங்கள் வண்டியில் எந்த வகை என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவருடையதில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக இருந்தது. தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.